மகனின் பயாப்ஸி அறிக்கையில் வைரஸ்: அதைக் கொடுத்தது நான்தானா?

கேள்வி: 46 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன். அவருடைய 20 வயது மகனுக்கு மூன்று மாதங்களாகக் கழுத்தின் இடப்பக்கத்தில் வலியில்லாத வீக்கம், இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, எடைக் குறைவு. நிணநீர்க் கணுவை எடுத்துப் பரிசோதித்ததில் நிணநீர் மண்டலப் புற்றுநோயான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, இரண்டாம் நிலை என்று தெரியவந்திருக்கிறது. அறிக்கையின் கடைசியில் ‘ஈபர் பாசிட்டிவ், எல்.எம்.பி.1 பாசிட்டிவ்’ என்று இரண்டு வரிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் தேடிய தாய், புற்றுநோயை உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் மகனுக்குள் ‘விழித்துக்கொண்டு பெருகுகிறது’ என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். தனக்கும் 12 வயது மகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ததில் தாய்க்குப் பழைய தொற்று இருப்பதும் மகளுக்கு இல்லாததும் தெரிந்திருக்கிறது. குழந்தையாக இருந்தபோது முத்தமிட்டு நான்தான் கொடுத்துவிட்டேனா? 17 வயதில் அவனுக்கு வாரக்கணக்கில் நீடித்த தொண்டைவலிக் காய்ச்சலை அலட்சியம் செய்துவிட்டோமா? மகளைத் தனியே வைக்கலாமா? வைரஸ் மருந்து கொடுக்கலாமா? வைரஸின் மரபணுக்களை அடக்கிவிடும் என்று சொல்லி ஒருவர் விற்கும் பொடியைத் தரலாமா? இவை அவருடைய கேள்விகள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இத்தனை கேள்விகளுக்கு நடுவே, கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: ‘முதலில் வைரஸை ஒழித்துவிட்டுப் பிறகு கீமோதெரபிக்குப் போகலாம் என்று தேதியைத் தள்ளி வைத்திருக்கிறோம்.’ அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். தள்ளி வைக்காதீர்கள். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுக்கவோ, பயாப்ஸி கண்ணாடிச் சில்லை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டவோ சில நாட்கள் ஆனால் கவலையில்லை. அந்தத் தாமதத்தில் பலன் உண்டு. வைரஸை ஒழிப்பதற்காகக் காத்திருப்பதில் எந்தப் பலனும் இல்லை. ஏன் இல்லை என்று விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

உங்கள் மகனுக்கு வந்திருப்பது, குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள புற்றுநோய்களில் ஒன்று. தொடக்க நிலையில் கண்டறியப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் வரை குணமடைகிறார்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த இரண்டு வரிகள் என்ன சொல்கின்றன?

எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் பர்கிட் லிம்ஃபோமா என்ற கட்டியின் செல்களில் இதை 1964இல் எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகிய மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டார்கள். 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. நீங்கள் இணையத்தில் படித்தது இதுவரை சரி. உலகில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குள் இதே வைரஸ் இருக்கிறது என்பதையும், அவர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அதனால் ஒரு கெடுதலும் வருவதில்லை என்பதையும் அந்தப் பக்கங்கள் ஏனோ சிறிய எழுத்தில் போடுகின்றன.

அப்படியானால் ‘வைரஸ் இருக்கிறதா’ என்ற கேள்வியால் பெரிய பயனில்லை. எந்தச் செல்லில் இருக்கிறது, அங்கே தன் மரபணுக்களில் எவற்றைத் திறந்து வைத்திருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்கள் பயங்களில் பாதி இங்கேதான் தீரும்.

இந்த வைரஸின் டி.என்.ஏ. சுமார் 1,72,000 எழுத்து இணைகள் நீளம் கொண்டது. அதில் 80க்கும் மேற்பட்ட மரபணுக்கள். புதிய வைரஸ்களை உற்பத்தி செய்து செல்லை உடைத்து வெளியேறும்போது அவற்றில் பெரும்பாலானவை இயங்குகின்றன. ஆனால் நம் வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்லுக்குள் நுழைந்ததும் வைரஸ் வழக்கமாகச் செய்வது வேறு. தன் டி.என்.ஏ.வை வட்டமாகச் சுருட்டி, செல்லின் உட்கருவில், நம் குரோமோசோம்களின் அருகில் வைத்துவிட்டு, மிகச் சில மரபணுக்களை மட்டும் திறக்கிறது. இதுதான் உறங்குநிலை. தொடக்கத்தில் எப்னா வகையில் ஆறு, எல்.எம்.பி. வகையில் மூன்று என ஒன்பது புரதங்களைச் செய்து அந்தச் செல்லை வேகமாகப் பெருகவைக்கும். ஒன்பதையும் காட்டும் செல்லை, இன்னொரு வகை வெள்ளணுக்களான நம்முடைய டி செல்கள் எளிதில் அடையாளம் கண்டு கொன்றுவிடும். அதனால் வைரஸ் படிப்படியாகக் கதவுகளைச் சாத்துகிறது. டான்சிலிலும் நிணநீர்க் கணுவிலும் பி செல் முதிர்ச்சியடையும் கட்டத்தில் எப்னா1, எல்.எம்.பி.1, எல்.எம்.பி.2 மட்டும் திறந்திருக்கும். அந்தச் செல் நினைவு பி செல்லாக மாறி இரத்தத்தில் ஓய்வெடுக்கும்போது ஒரு புரதம்கூட வெளிவராது. செல் இரண்டாகப் பிரியும் வேளையில் மட்டும், வைரஸ் வட்டத்தைக் குரோமோசோமோடு பிணைத்துச் சேய்ச் செல்களுக்குப் பங்கிட எப்னா1 வேண்டும். அந்த எப்னா1கூடத் தன் உடலில் இருக்கும் ஒரு நீண்ட கிளைசின்-அலனின் தொடரால் டி செல்களின் கண்ணில் பெரும்பாலும் படாமல் தப்பிக்கொள்கிறது.

உங்களுக்குள்ளும் எனக்குள்ளும் இருப்பது அந்த ஓய்வுநிலைதான். பத்து லட்சம் பி செல்களுக்கு ஒன்றிலிருந்து ஐம்பது வரை என்ற அளவில், சத்தமில்லாமல்.

இப்போது அறிக்கைக்கு வருவோம். ‘ஈபர்’ என்பது புரதம் ஆகாத ஒரு சிறிய ஆர்.என்.ஏ. உறங்குநிலையில் இருக்கும் வைரஸ் ஒரு செல்லுக்குள் இதைப் பத்து லட்சம் பிரதிகள் அளவுக்குக்கூடச் செய்து குவிக்கும். அதனால்தான் நோய்க்குறியியல் நிபுணர்கள் இதைத் தேடுகிறார்கள். எளிதில் சாயம் ஏறும், பார்த்தவுடன் தெரியும். ஆக, நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறானது செய்தி: ஈபர் பாசிட்டிவ் என்றால் வைரஸ் உறங்குநிலையில் அந்தச் செல்லுக்குள் இருக்கிறது என்று பொருள். விழித்து, பெருகி, வெளியே பாய்கிறது என்பதற்கு அது அடையாளமில்லை. கட்டிச் செல்கள் புதிய வைரஸ்களை உற்பத்தி செய்யும் களமாக இல்லை. உங்கள் மகனின் கழுத்துக் கட்டியிலிருந்து வீட்டில் யாருக்கும் எதுவும் தொற்றாது.

எல்.எம்.பி.1 என்ற இரண்டாவது வரி இன்னும் சுவாரசியமானது. உங்கள் மகனின் கணுவிலிருந்து சீவிய சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி சாதாரணச் செல்கள்தான்: டி செல்கள், இயோசினோஃபில்கள், பிளாஸ்மா செல்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆந்தையின் முகம்போல இரண்டு பெரிய உட்கருக்களோடு ஒரு செல் நிற்கும். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று அதற்குப் பெயர். கட்டியில் ஒரு சதவீதம்கூடத் தேறாத இந்தச் செல்கள்தான் புற்றுச் செல்கள். ஈபர் சாயத்தில் சுற்றியிருப்பவை வெளிறிக் கிடக்க, இவற்றின் உட்கருக்கள் மட்டும் கறுத்துத் தெரியும்.

இவை ஒரு காலத்தில் பி செல்களாக இருந்தவை. பி செல் உயிரோடிருக்க அதன் மேற்பரப்பு ஏற்பியிலிருந்து தொடர்ந்து ஒரு சமிக்ஞை வேண்டும். முதிர்ச்சியின்போது மரபணுவில் பிழை நேர்ந்து ஏற்பி கெட்டுப்போனால் அந்தச் செல் தானே மடிந்துவிடும், மடியவும் வேண்டும். அப்படி மடிய வேண்டிய ஒரு செல்லில் தற்செயலாக வைரஸ் இருந்தால், எல்.எம்.பி.2 அந்த ஏற்பியின் சமிக்ஞையைப் போலியாகத் தருகிறது. உதவி டி செல் தர வேண்டிய இன்னொரு சமிக்ஞையை எல்.எம்.பி.1 போலியாகத் தருகிறது. செத்திருக்க வேண்டியது பிழைத்துக்கொள்கிறது. அதன் மேல் வேறு பிழைகளும் சேர்ந்து அது புற்றாகிறது என்பதுதான் இன்றைய விளக்கம்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எப்னா1, எல்.எம்.பி.1, எல்.எம்.பி.2 என்ற இதே திறப்பு வரிசை நோயில்லாதவர்களின் டான்சிலிலும் நடக்கிறது என்று சற்று முன் சொன்னேன். உங்கள் மகனின் வைரஸ் விபரீதமான புதுக் காரியம் எதையும் செய்யவில்லை. வழக்கமான கட்டம் ஒன்றைத் தவறான செல்லில் நடத்தி, அங்கேயே நின்றுவிட்டது. வைரஸே இல்லாத ஹாட்ஜ்கின் கட்டிகளும் ஏராளம். அவற்றில் செல்லின் சொந்த மரபணுப் பிழைகள் இதே பிழைப்புச் சமிக்ஞைகளைத் திறந்துவிடுகின்றன.

நான் கொடுத்ததா?

இதற்கு நீங்களே கடிதத்தில் பதில் எழுதியிருக்கிறீர்கள், கவனிக்கவில்லை. சிறு வயதில் இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. இருந்தாலும் சாதாரணச் சளிக் காய்ச்சலோடு போய்விடும். முதல் தொற்று இளமைப் பருவத்தில் வரும்போதுதான் வாரக்கணக்கில் தொண்டைவலி, காய்ச்சல், கழுத்துக் கணு வீக்கம், அசதி என்று ஆளைச் சாய்க்கும். மோனோநியூக்ளியோசிஸ் என்று அழைக்கப்படும் அந்த நோய்தான் 17 வயதில் உங்கள் மகனுக்கு வந்தது என்றால், அதுவரை அவனுக்குள் இந்த வைரஸ் இல்லை என்றாகிறது. அவன் தவழும் காலத்தில் நீங்கள் கொடுத்த முத்தங்கள் கணக்கிலேயே வரவில்லை. அப்படியானால் யாரிடமிருந்து என்று இனி அவனைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். வயதுவந்தவர்களில் பெரும்பாலோருடைய எச்சிலிலும் அவ்வப்போது வந்துபோகும் வைரஸுக்குக் குற்றவாளி தேட முடியாது.

அந்தக் காய்ச்சலுக்கு ‘சரியாக வைத்தியம் பார்க்கவில்லை’ என்ற வருத்தமும் தேவையற்றது. மோனோநியூக்ளியோசிஸுக்கு அன்றும் இன்றும் ஓய்வும் காய்ச்சல் மாத்திரையும்தான். வைரஸ் பி செல்களில் குடியேறுவதைத் தடுக்கும் மருந்து எந்த மருத்துவரிடமும் இல்லை, தடுப்பூசியும் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. டென்மார்க், ஸ்வீடன் நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வொன்று, இந்தக் காய்ச்சல் வந்தவர்களில் சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்குப் பின்னாளில் வைரஸ் சார்ந்த ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்ததாகக் கணக்கிட்டது. இடைவெளியின் நடுமதிப்பு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். உங்கள் மகனின் கதை அதோடு பொருந்துகிறது. மீதி 999 பேருக்கு இந்தப் புற்றுநோய் வரவில்லை என்பதும் அதே கணக்குத்தான்.

இன்னொரு பயமும் வரிகளுக்கிடையே தெரிகிறது: வைரஸ் ‘மரபணுவில் கலந்துவிட்டதால்’ பரம்பரையாக இறங்குமோ என்று. இறங்காது. முன்பே சொன்னபடி அந்த வட்ட டி.என்.ஏ. பொதுவாக நம் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறதே தவிர அதற்குள் நுழைவதில்லை. தவிர, அது இருப்பது இரத்தச் செல்களில். விந்தணுவிலோ கருமுட்டையிலோ அல்ல.

வைரஸ் மருந்தும் அந்தப் பொடியும்

நீங்கள் கேட்டிருக்கும் அசைக்ளோவிர் நல்ல மருந்துதான், ஆனால் வேலை செய்ய அதற்கு இரண்டு வைரஸ் நொதிகள் வேண்டும்: அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற ஒன்று, அது தாக்குவதற்கு, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியான வைரஸின் சொந்த டி.என்.ஏ. பாலிமரேஸ் இன்னொன்று. உறங்குநிலையில் வைரஸ் இந்த இரண்டு மரபணுக்களையும் மூடி வைத்திருக்கிறது. தன் வட்டத்தைப் படியெடுக்க நம் செல்லின் பாலிமரேஸையே பயன்படுத்திக்கொள்கிறது. மருந்துக்குத் தாக்க இலக்கே இல்லை. கீமோதெரபியின்போது உங்கள் மருத்துவரே அசைக்ளோவிர் எழுதிக்கொடுக்கக்கூடும். குழம்ப வேண்டாம், அது அக்கி வராமல் தடுப்பதற்காக. அவர் எழுதாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது, சிறுநீரகத்துக்குச் சுமை.

‘வைரஸ் மரபணுக்களை அடக்கும்’ பொடியைப் பற்றி. விற்பவருக்கு இந்த வைரஸைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை அவருடைய விளம்பர வரியே காட்டிக்கொடுக்கிறது. மரபணுக்களை அடக்கிக்கொள்வதில் இந்த வைரஸை மிஞ்ச ஆளில்லை, கோடிக்கணக்கானோரின் உடலில் அது அப்படித்தான் தப்பிப் பிழைக்கிறது. அது பேசாமல் இருக்கும் இடத்தில் நம் டி செல்களாலும் அதைப் பிடிக்க முடியாது, மருந்தாலும் முடியாது. திறந்திருக்கும் மரபணுதான் நமக்கு ஒரு பிடி தருகிறது. உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு இதே வைரஸால் வரும் லிம்ஃபோமாவில் பெரும்பாலும் ஒன்பது புரதங்களும் வெளியே தெரியும். அவற்றை அடையாளம் காணப் பழகிய டி செல்களைக் கொடையாளரிடமிருந்து எடுத்து வளர்த்துச் செலுத்தும் சிகிச்சைக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் கிடைத்தது. வேறு சில ஆய்வுகளில், உறங்கும் வைரஸை வேண்டுமென்றே எழுப்பிவிட்டு அதன் மேல் வைரஸ் மருந்தைச் செலுத்திப் பார்க்கிறார்கள். ஆய்வாளர்கள் போகும் திசை விற்பனையாளர் சொல்வதற்கு நேர் எதிர்.

உங்கள் மகனின் நோயில் எல்.எம்.பி.1 செய்யும் இன்னொரு தந்திரம், புற்றுச் செல்லின் மேற்பரப்பில் பி.டி.-எல்1 என்ற புரதத்தைக் கூட்டி, சுற்றியிருக்கும் டி செல்களின் கையைக் கட்டிப்போடுவது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நிவோலுமாப் என்ற மருந்து, நோய் திரும்பிய ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்காக 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இப்போதைக்கு உங்கள் மகனுக்கு இது தேவைப்படாமலே போகலாம். ஆனால் இப்படியொரு வழி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அப்படியானால் கட்டியிலிருக்கும் வைரஸை என்னதான் செய்வது? செல் மடிந்தால் அதற்குள் இருக்கும் வைரஸ் வட்டமும் அதோடு மடியும். கீமோதெரபி செய்வது அதைத்தான். வைரஸ் பாசிட்டிவா நெகட்டிவா என்பதைப் பார்த்து இந்த வயதில் வழக்கமான சிகிச்சையை மாற்றுவதில்லை. நோயின் நிலை, காய்ச்சல், வியர்வை, எடைக் குறைவு போன்ற அறிகுறிகள், பெட் ஸ்கேன் ஆகியவைதான் திட்டத்தைத் தீர்மானிக்கும். பொடியை ஏற்கனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். கீமோதெரபி மருந்துகள் கல்லீரல் வழியாகப் போகின்றன, அங்கே வேறு எது குறுக்கிடுகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மகளைத் தனியே வைப்பது

வேண்டாம். 12 வயதுவரை தொற்றாமல் இருப்பது அபூர்வம் ஒன்றும் இல்லை. பள்ளியிலோ நண்பர்களிடமிருந்தோ என்றாவது ஒருநாள் அவளுக்கும் வரும். தனித் தட்டு, தனி அறை என்று வைத்தாலும் அதை நிறுத்த முடியாது. நோயாளியின் உடன்பிறந்தவருக்கு ஹாட்ஜ்கின் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் அது மிகச் சிறிய எண்ணிலிருந்து இன்னொரு சிறிய எண்ணுக்கு ஏறுவது, அதற்காகத் தொடர் பரிசோதனைகள் எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை. இரத்தப் பரிசோதனையை மறுபடி மறுபடி செய்யாதீர்கள். பாசிட்டிவ் என்று வரும் நாளில் செய்வதற்கு ஒன்றுமில்லாதபோது எதற்குப் பரிசோதனை? கீமோதெரபியில் அண்ணனின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது சளி, காய்ச்சலுள்ள யாரும் அவனை நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது அவளுக்கும் பொருந்தும். அது அவனைக் காப்பதற்காக. அவளை அவனிடமிருந்து காப்பாற்ற வேண்டியதில்லை.

அறிக்கை அவனுடையது

பயாப்ஸி அறிக்கையைப் படமெடுத்து உறவினர் குழுவில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பதற்றம் புரிகிறது. ஆனால் அவனுக்கு 20 வயது. சட்டப்படியும் மருத்துவ நெறிப்படியும் அந்த விவரம் அவனுடையது, சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவனும் அவனே. முடிந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள், இனி எதைப் பகிர்வதானாலும் அவனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வைரஸ் என்றதும் ஒதுங்கிப்போகும் உறவினர்களிடம் சொல்ல உங்களுக்கு ஒரு வரி: அவர்களில் பெரும்பாலோருக்குள்ளும் இதே வைரஸ்தான் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கேட்கத் தயங்குவீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். சில கீமோதெரபி திட்டங்கள் விந்தணு உற்பத்தியைப் பாதிக்கக்கூடியவை, சில குறைவாகவே பாதிக்கும். எதுவானாலும், முதல் ஊசி ஏறுவதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்து உறையவைக்கும் வசதியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். பிறகு பேசினால் பயனில்லை. இதற்குப் பெரும்பாலும் ஓரிரு நாட்கள் போதும், சிகிச்சை தாமதமாகாது. தாய் அருகில் இருந்தால் இளைஞர்கள் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, முதல் பத்து நிமிடம் அவனைத் தனியாக உள்ளே அனுப்புங்கள். அதற்குப் பிறகு நீங்களும் போய், பெட் ஸ்கேனின் முடிவு, எந்த மருந்துத் திட்டம், எத்தனை சுற்று, எப்போது தொடக்கம் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.